முள் குத்தாத கால்

பெரியதாழைக்கு வடக்கே தேரிக்காட்டில் எட்டு மணி வெயிலுக்கே செம்மணல் சுடுகிறது. உடைமரத்து நிழலில் எமில்டா காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஐம்பது கிலோமீட்டர் மலை ஓட்டம். அதற்காக நாலு மாசமாக இந்த மணலில் விழுந்து எழுந்து ஓடியவளின் குதிகாலில், ஷூவைத் துளைத்துக்கொண்டு முள் ஏறியிருக்கிறது. போன் பண்ணியதும் பைக்கில் வந்த புருஷன் ஃபிராங்க்ளின், அவள் பாதத்தை மடியில் வைத்து ஊக்கால் நெம்புகிறான். இந்த நாலு மாசமும் அவளிடம் முகங்கொடுத்துப் பேசாதவன். இன்றைக்குக் கை அவ்வளவு பதமாக இருக்கிறது. முள் பாதியில் ஒடிகிறது. சொட்டுகிற ரத்தம் செம்மணலில் தெரியாமல் போகிறது. “ஏளா, நல்லதாப் போச்சு. ஞாயித்துக்கிழமை எங்கூடப் பூசைக்கு வந்திரலாம்லா” என்கிறான், வாயெல்லாம் பல்லாக. அவன் மெல்லச் சீட்டியடித்தபடி, முள் குத்தாத காலின் ஷூவையும் கழற்றுகிறான்.