உம் கொட்டக் கூடாது

அவள் உம் கொட்டக் கூடாது.

தலையாட்டக் கூடாது. சிரிக்கக் கூடாது. எதிரில் இருப்பவர் அழுதாலும் முகம் மாறக் கூடாது.

வெள்ளைக் கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டிருந்தது. பக்கத்து நாற்காலியில் ரியாஸ், அதே கோட்டில், பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தான். அவனுக்கு இதெல்லாம் அல்வா சாப்பிடுகிற மாதிரி.

எதிரே துளசிமணி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. நாற்பத்தைந்து வயதிருக்கும். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பஸ் பிடித்துப் பல்கலைக்கழகத்துக்கு வந்திருந்தார். அவர் விரலைக் கவ்வியிருந்த கருவி, நாடித்துடிப்பை அவள் முன்னால் இருந்த திரைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

'உங்களை ஏன் சூப்பர்வைசர் ஆக்க வேண்டும்?'

இதுதான் கேள்வி. ஐந்து நிமிடம் பேச வேண்டும். எதிரில் இருக்கும் இரண்டு பேரும் கல்லாக உட்கார்ந்திருப்பார்கள். அப்போது பேசுகிறவருக்கு மன அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

நம் ஊரில் இது பெரிய கொடுமை. நாலு வாக்கியத்துக்கு ஒரு 'ம்' வராவிட்டால் போனில் "ஹலோ, லைன்ல இருக்கியா?" என்று கேட்கிற ஜனங்கள். இங்கே நேரில் அப்படிக் கேட்கவும் முடியாமல் வந்தவர்கள் தவித்துப் போனார்கள். ஒரு பெண் பேச்சை விட்டுவிட்டுத் தண்ணீர் கேட்டாள். ஒரு கட்டிங் மாஸ்டர் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

எல்லோருக்கும் ஏறியது.

துளசிமணிக்கு ஏறவில்லை.

திரையில் எழுபத்திரண்டு. வாசலில் சாமந்திப்பூ வாங்குகிறவர் மாதிரி நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"தையல்ல ஊசி ஒடைஞ்சா, எல்லாத் துண்டும் கெடைச்சாத்தானுங்க வேற ஊசி குடுக்கோணும். கொழந்தைக போடற துணி பாருங்க. ஒடைஞ்சது மூணு துண்டு. ரெண்டுதான் இருந்துச்சு."

எழுபத்திரண்டு.

கருவி பழுதோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. துளசிமணிதான் கடைசி ஆள். இவரோடு கணக்கு முடிகிறது. இந்த மாதம் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் இன்னொரு வருஷம் இழுக்கும் என்று கைடு ஏற்கெனவே சொல்லிவிட்டார். ஒரே ஒரு உம் கொட்டினாலும் அந்த ஆளைக் கழித்துவிட வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்.

"சூப்பர்வைசர்கிட்டச் சொன்னனுங்க. அவரு போனுல இருந்து தலையத் தூக்கல. மேனேஜர்கிட்டச் சொன்னேன். பாத்துக்கலாம் போம்மான்னுட்டாரு. ஊசி கண்டுபிடிக்கிற மிஷினு ரிப்பேருங்க. மத்தியானம் சோத்துக்கு ஊட்டுக்கு வந்தப்பச் சொன்னேன். டீவி சத்தத்த ஏத்தி வெச்சுட்டாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார்.

ரியாஸ் அசையவில்லை.

எழுபத்திரண்டு. இப்போது அவளுக்குப் புரிந்தது. கருவிக்கு ஒன்றுமில்லை. பாவம், இந்த அம்மாவுக்கு இது பழக்கம்.

"அப்பறம் நானே ஒவ்வொரு துணியா எடுத்துத் தடவிப் பாத்தனுங்க. பொறந்த கொழந்தைக்குப் போடற சட்டை. உள்ளங்கை அகலந்தான் இருக்கும். பாதிகூடப் பாக்கல, அதுக்குள்ள பேக்கிங்காரங்க வந்து புடுங்கிட்டுப் போயிட்டாங்க. மிச்சத்த..."

"ம்."

அவளுடைய குரல்தான்.

ரியாஸின் கண் மட்டும் அவள் பக்கம் திரும்பியது.

துளசிமணி நிறுத்தினார். யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டதுபோல் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

திரையில் எண் ஏறியது. எண்பத்தைந்து. தொண்ணூற்றெட்டு. நூற்றுப்பத்து.

கருவி மாட்டாத கை முந்தானையைப் பிடித்துக்கொண்டது. இவ்வளவு நேரம் தடையில்லாமல் பேசியவர், "மிச்சத்த... மிச்சத்த..." என்று திக்கினார்.

மணி அடித்தது. ஐந்து நிமிடம் முடிந்தது.

இனி ரியாஸ் எழுந்து நன்றி சொல்ல வேண்டும். அவள் கருவியைக் கழற்ற வேண்டும். அந்த உம் தப்பு என்று தெரிந்தது அவளுக்கும் ரியாஸுக்கும் மட்டும்தான். ரியாஸ் வாயைத் திறக்க மாட்டான். அப்படி ஒரு உம் வரவேயில்லை என்று விட்டுவிடலாம்.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்படி நினைத்த தன்மேல்தான் கோபம்.

"அப்புறம் என்னாச்சுக்கா?" என்று கேட்டாள்.

"நெசமாவே கேக்கறீங்களா?"

"நெஜமாத்தான் கேக்கறேன்."

"மிச்சமெல்லாம் பொட்டிக்குள்ள போயிருச்சுங்க."

"எப்போ நடந்தது இது?"

"நேத்துத்தானுங்க. லாரி இன்னிக்குச் சாயந்தரம் கெளம்புது."

சுவர்க்கடிகாரத்தில் மதியம் ஒன்றுகூட ஆகவில்லை.

அவள் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். கைப்பையில் போனைத் தேடினாள். யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. கம்பெனியையா, துணி வாங்குகிறவர்களையா, போலீஸையா? முதலில் கம்பெனி. எடுக்காவிட்டால் நேரில் போய் நிற்பது.

இத்தனை பேர் வந்து பேசியும் நன்றி சொல்வதைத் தவிர எதற்கும் வாய் திறக்காத ரியாஸ் தொண்டையைச் செருமினான்.

"அங்க நூத்துக்கணக்குல பெட்டி இருக்குமே. அந்தச் சட்டைங்க எந்தப் பெட்டின்னு தெரியுமாக்கா?"

துளசிமணியின் கண் நிறைந்துவிட்டது.

"தெரியுமுங்க. செவப்புப் பேனாவுல பெருசா ஒரு கோடு போட்டு வெச்சிருக்கேன். ஆராச்சும் கேட்டாங்கன்னா காட்டலாம்னு."