கறுப்பு டேப் ஒட்டிய கைப்பேசி

"இது நான் பேசறத ஒட்டுக் கேக்குது, ஷங்கர். நிறுத்திக் கொடு," என்று கைப்பேசியை ரிப்பேர் கடையின் கண்ணாடி மேசைமேல் வைத்தார் சிவசாமி.

அதன் அடிப்பக்கத்தில், பேச்சைப் பிடிக்கிற சின்னத் துளையின்மேல், மின்கம்பிக்குச் சுற்றும் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. அவரே ஒட்டியது.

டேப் ஒட்டிய நாளிலிருந்து, மலாக்கா டவுனில் வேலை பார்க்கும் மகள் தாரணியோடு பேச முடியவில்லை. "ப்பா, ஒண்ணுமே கேக்கலப்பா!" என்று கத்திவிட்டு அவள் வைத்துவிடுகிறாள். இன்று காலை மனைவி கோமளாதான் மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்து அவர் கையில் வைத்து, பெம்பானில் இருக்கும் இந்தக் கடைக்குக் கிளப்பினாள்.

இப்போது பக்கத்தில் நின்றாள். வீட்டு வாசலைப் படமெடுத்து முகநூலில் போட்டதற்காகத் தீபாவளியன்று அவளிடம் சத்தம் போட்டார். அதற்குப் பிறகு, அவருக்குத் தெரிந்து, அவள் வீட்டில் வாய் திறப்பதே இல்லை. அவளே முதலில் பேசட்டும் என்று அவரும் இருந்துவிட்டார்.

வீட்டில் இந்தக் கைப்பேசியின் தொல்லை மட்டும்தான் பாக்கி.

ஒரு மாதமாக அதே விளம்பரம். முந்திரிப் பருப்பு அளவில், தோல் நிறத்தில், ஒரு காது மிஷின். செம்பனை விலை பார்த்தால் அது. பந்து ஆட்டம் பார்த்தால் அது. கோயில் திருவிழாத் தேதி தேடினால், முருகனுக்கும் வேலுக்கும் நடுவில் அது.

அவர் செய்யாதது இல்லை. பழைய தேடல்களையெல்லாம் பார்க்காமலே மொத்தமாக அழித்தார். குக்கீ வேண்டுமா என்று கேட்ட தளங்களிலெல்லாம் வேண்டாம் என்றார். சரி என்று சொல்லப் பெரிய பச்சைப் பொத்தான் வைத்திருக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்ல, எங்கோ மூலையில் எறும்பு எழுத்தைத் தேட வேண்டியிருக்கிறது.

பிரவுசரையே மாற்றினார். யாரையும் பின்தொடர மாட்டோம் என்று சத்தியம் செய்கிற பிரவுசர் அது. மறுநாள் காலை, தேநீர் ஆறுவதற்குள், அதிலும் முந்திரிப் பருப்பு வந்து உட்கார்ந்திருந்தது.

யாரிடமும் அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுதான் அவரை அரித்தது.

இடது காது கொஞ்சம் மந்தம். அவ்வளவுதான். செம்பனை ஆலைக் கொதிகலன் பக்கத்தில் இத்தனை வருடம் நின்றால் யாருக்கும் இருக்கும். போன முறை ஆலைக்குச் செவிச் சோதனை வேன் வந்தபோது, கண்ணாடிக்கு அப்பால் நர்ஸின் தோள் அசையும்போதெல்லாம், சத்தம் கேட்டால் அழுத்த வேண்டிய பொத்தானை அழுத்தித் தேறிவிட்டார்.

தெரிந்தால் கொதிகலனை விட்டு எடுத்துவிடுவார்கள். முற்றம் கூட்டச் சொல்வார்கள். விளம்பரக்காரனுக்குத் தெரிந்தது ஆலைக்குத் தெரிய எவ்வளவு நேரம் ஆகும்?

பின்னால் நாற்காலியில் வேறு, ஆலை ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி புவனேந்திரன் உட்கார்ந்திருந்தான். வேன் வரும்போது யார் யார் போக வேண்டும் என்று பெயர் கொடுக்கிறவன் அவன்தான். தன் கைப்பேசித் திரைக்குக் கண்ணாடி ஒட்டக் காத்திருந்தான்.

சிவசாமி முன்னால் குனிந்து, குரலைத் தாழ்த்தி, "காது மிஷின் விளம்பரமாவே வருது," என்றார்.

புவனேந்திரன் நிமிர்ந்து பார்த்தான்.

"போன் ஒட்டுக் கேக்காது, அங்கிள்! யாராச்சும் இதுலயே தேடியிருப்பாங்க லா!" என்றான் ஷங்கர்.

அவன் எப்போதும் உரக்கப் பேசுவான். மற்றவர்களைப்போல வாய்க்குள் முணுமுணுப்பதில்லை. அதனாலேயே சிவசாமிக்கு அவனைப் பிடிக்கும். இன்று பிடிக்கவில்லை.

"என்னத் தவிர யாரு தேடுவா?"

கோமளா சாயங்காலங்களில் அதை எடுப்பதுண்டு. நாடகம் பார்க்க. அவளுக்குத் தட்டி எழுதத் தெரியாது.

ஷங்கர் நகத்தால் டேப்பை உரித்தெடுத்தான். கோமளா கையை நீட்டிக் கைப்பேசியை வாங்கினாள். மைக் படத்தை அழுத்தி, பிஸ்கட்டைக் கடிக்கப் போகிறவள்போல வாய்க்கு நேரே பிடித்தாள்.

அவள் உதடுகள் அசைந்தன. இரைச்சல் என்று சாக்குச் சொல்ல, வெளியே சாலையில் ஒரு மோட்டார் சைக்கிள்கூடப் போகவில்லை.

திரையில் தமிழ் எழுத்துகள் வந்து விழுந்தன.

காது மிஷின் என்ன விலை.

அவள் மறுபடி அழுத்தினாள். உதடுகள் மறுபடி அசைந்தன.

கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறாரு கோவமா காது கேக்கலையா.

சிவசாமி படித்தார். முதல் எழுத்திலிருந்து இன்னொரு முறை படித்தார்.

"எப்போ கேட்ட இதெல்லாம்?"

கோமளா பதில் சொன்னாள். சொன்னாள் என்பது அவள் தாடை அசைந்ததில் தெரிந்தது.

ஷங்கர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு இன்னும் குரலை உயர்த்தினான்.

"டேப் ஒட்டற வரைக்கும் தெனமும் சாயங்காலமாம், அங்கிள். டீவி பாக்கறப்ப. உங்க பக்கத்துல உக்காந்துதானாம்."

மேசைக் கண்ணாடியில், பின்னால் புவனேந்திரன் எழுந்து நிற்பது தெரிந்தது.

கோமளா கைப்பேசியைக் கீழே வைத்தாள். அவர் முகத்தைப் பார்த்து, இன்னும் ஏதோ சொன்னாள். கொஞ்சம் நீளமாக.

சிவசாமி "ம்" என்று தலையாட்டப் போனார். ஆலையில் அப்படித்தான் சமாளித்து வருகிறார்.

ஆட்டவில்லை.

ஷங்கர் பக்கம் திரும்பி, "என்ன சொல்றா?" என்று கேட்டார்.