அருவிக்குப் போனீர்களா?

பத்துமலைக்கு நான்கு நாளாகக் காய்ச்சல். கண் சிவந்து, கெண்டைக்கால் கடுத்தது. மலேசியாவின் செமோர் ஊர்க் கிளினிக்கில் டாக்டர் நித்யகல்யாணி விசாரித்தார்.

"சமீபத்துல ஆறு, அருவின்னு எங்கயாச்சும் குளிச்சீங்களா?"

பக்கத்தில் மனைவி தினேஸ்வரி. இருவரும் சேர்ந்துதான் தைப்பூச விரதம் இருந்தார்கள். அதற்கு நடுவில், ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு, நண்பன் சுரேனோடு அருவிக்குப் போய்க் கோழி சுட்டுத் தின்றதை அவள் முன்னால் எப்படிச் சொல்வது?

"இல்லை டாக்டர்."

"நல்லா யோசிங்க. எலி மூத்திரம் கலந்த தண்ணியில வர்ற கிருமி கிட்னியையே கெடுத்துரும்."

"வேலை, வீடு, கோயில். அவ்வளவுதான் லா."

தினேஸ்வரி பெருமூச்சு விட்டாள். "பொய் டாக்டர். அருவியில குளிச்சாரு. கோழியும் தின்னாரு."

பத்துமலை மனைவி பக்கம் திரும்பினான். "அந்த சுரேன் பய உளறிட்டானா?"

"யாரும் உளறல. அன்னைக்கு அக்கா வீட்டுக்குப் போறேன்னு சொன்னேன்ல? நீங்க கீழ்ப்பாறையில கோழி சுட்டீங்க. நானும் அக்காவும் மேல்பாறையில சுட்டோம்."

தினேஸ்வரி சட்டைக் கையை மடித்துவிட்டுக் கையை டாக்டரிடம் நீட்டினாள்.

"எனக்கும் காலையிலேருந்து கால் கடுக்குது டாக்டர். ரெண்டு பேருக்கும் ரத்தம் எடுத்துருங்க."