தட்டுப் போருக்குக் கீழே

கடைசிக் கட்டுச் சோளத்தட்டையும் தூக்கிப் போட்டுவிட்டு, நாலடி பின்னால் வந்து நின்று பார்த்தாள்.

கிணறு தெரியவில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறோம். இவள் முழுக் கிணற்றையே மறைத்துவிட்டாள். வாய்மேல் பனஞ்சட்டம். அதன்மேல் சாய்த்துப் போட்ட ஏற்ற மரம். அதற்கும் மேலே ஆள் உயரத்துக்குத் தட்டு.

கெட்டிக்காரிதான்.

கிழக்கு வரப்பில் சர்வேயரின் குடை வந்துகொண்டிருந்தது. பின்னால் ஒருவன் சங்கிலியை இழுத்துக்கொண்டு வந்தான்; இன்னொருவன் அளவுக் கொடியைத் தூக்கி வந்தான்.

ரயில் பாதைக்கு அளக்கிறார்கள் என்று ஊரில் பேச்சு.

ரயிலாம், பாதையாம்! யார் காதில் பூச்சுற்றுகிறார்கள்? சர்க்கார் சங்கிலி எதற்கு வந்தாலும் கடைசியில் நிலத் தீர்வையில்தான் வந்து நிற்கும். போன தடவை அளக்க வந்தவர்களிடம் அவள் புருஷன் மேற்குக் காட்டுக் கிணற்றைப் பெருமையாகக் காட்டினான். மானாவாரிக் காடு அன்றைக்கே தோட்டமாகப் பதிவாயிற்று. தீர்வை இரட்டித்தது. கட்ட முடியாமல் மேற்குக் காடு போயிற்று. அந்த ஏக்கத்திலேயே புருஷனும் போனான்.

மிச்சம், கிணறு கணக்கில் ஏறாத இந்த இரண்டு ஏக்கர். இதுவும் போனால் அவள் யார் காட்டில் கூலிக்கு நிற்பது?

சர்வேயர் குடையை மடக்கினார்.

"ஏம்மா, இந்தக் காட்டுல கிணறு இருக்கா?"

"கிணறுங்களா? குடிக்கிற தண்ணிக்கே ஓடைக்குப் போறமுங்க சாமி."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"இருந்தா எங்காடு இப்படியா காஞ்சு கெடக்கும்?"

மூன்றாவது தடவையும் கேட்டார். ஒரே கேள்வியை ஒருவன் மூன்று தடவை கேட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. அவள் மாரியாத்தாள் மேல் சத்தியம் செய்தாள்.

ஆத்தா பொறுத்துக்கொள்வாள். அவளுக்கா தெரியாது தீர்வைக் கொடுமை?

சங்கிலி அவள் காட்டின் நட்டநடுவே ஓடியது. தட்டுப் போரை ஒட்டி ஓர் அளவுக் கல்லை நட்டுவிட்டு அடுத்த காட்டுக்குப் போனார்கள்.

அடுத்த காடு பொங்கியண்ணனுடையது. வெகுளி. அவர்கள் கேட்பதற்கு முன்பே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கிணற்றைக் காட்டினான். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒழிந்தான் மனுஷன்.

அங்கே கொடி நகர்ந்தது.

பொங்கியண்ணன் கிணற்றுக்கு முன்னால் வளைந்து, ஓரமாக, புறம்போக்கு வழியாகப் போயிற்று. அவன் காட்டில் ஒரு கல்கூட விழவில்லை.

சங்கிலிக்காரனிடம் ஓடினாள்.

"என்னங்க, அங்க மட்டும் விலகிப் போகுது?"

"கிணறு இருந்தா பாதை விலகிப் போகோணும்னு தொரை உத்தரவு. இல்லாத காட்டுல நேராப் போறோம். அவ்வளவுதான்."

அடி ஆத்தி!

எப்படித் திரும்பி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. இரண்டு கையாலும் தட்டைப் பிய்த்து எறிந்தாள். தட்டின் தோகை கையைக் கிழித்தது. பனஞ்சட்டத்தைப் புரட்டினாள்.

தாது வருஷப் பஞ்சத்தில் ஊர்க் கிணறெல்லாம் வற்றியபோது சுத்துப்பட்டு முழுக்க இதில்தான் குடித்தது. இன்றைக்கு வெயில் பட்டதும் தண்ணீர் பளபளவென்று மின்னியது.

அவள் போட்ட கூப்பாட்டில் சர்வேயர் திரும்பி வந்து எட்டிப் பார்த்தார். அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நேத்து வெட்டினதா?"

"எம் மாமனாரு வெட்டினதுங்க சாமி!"

"விஷயம் தெரிஞ்சதும் ஊருக்கு ஊரு பள்ளம் பறிச்சுக் கிணறுன்னு காட்டறீங்க."

அவள் அவரைக் கூட்டிக்கொண்டு போய் வாய்க்கல்லைக் காட்டினாள். கயிறு அறுத்து அறுத்துக் கல்லில் விரல் ஆழத்துக்குத் தடம் விழுந்திருந்தது. அவர் குனிந்து தடவிப் பார்த்தார். முகம் இளகிற்று. தண்ணீர் கேட்டார். இறைத்துச் செம்பில் கொடுத்தாள். குடித்தார்.

"நல்ல தண்ணி."

அவளுக்கு உயிர் திரும்பி வந்தது.

பென்சிலை எடுத்துக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்.

"கோடையில வத்துமா, வத்தாதா?"

போன தடவை அளக்க வந்தவர்களும் இதையேதான் கேட்டார்கள். வற்றாது என்று சொன்னவர்களுக்குத்தான் தீர்வை ஏறியது. அன்றைக்கு ராத்திரி முழுக்கப் புருஷனைத் திட்டித் தீர்த்த வாய் அவளுடையது.

யோசிப்பதற்குள் நாக்கு முந்திக்கொண்டது.

"மாசியிலயே வத்திப் போயிருமுங்க சாமி."

பென்சில் நின்றது.

"வத்தாத கிணத்துக்குத்தாம்மா உத்தரவு."

"ஐயோ, இல்லீங்க சாமி! வத்தாதுங்க! பஞ்சத்துலயே வத்தலீங்க!"

"கிணறே இல்லேன்னே. அப்புறம் இருக்குன்னே. வத்தும்னே. இப்ப வத்தாதுங்கறே." அவர் கோபப்படவில்லை. சலிப்பாகத்தான் சொன்னார். "இதுல நான் எதைம்மா எழுதறது?"

அவள் அளவுக் கல்லைப் பார்த்தாள். அது நட்ட இடத்திலேயே நின்றது.

சர்வேயர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு செம்பை நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்து. நாங்க ரொம்ப தூரம் போகணும்."

அவள் குடத்தை இறக்கினாள். கயிறு நாலு முழம்கூட இறங்கவில்லை. குடம் நிறைந்து வந்தது.