மெஷின் அக்காவின் வலது கால்

"காலை ஆட்டாம பதில் சொல்லுங்கம்மா."

பயிற்சியாளர் சொன்னதும் அறையில் இருந்த பன்னிரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். மெஷின் அக்கா வலது காலை இழுத்து நாற்காலிக்கு அடியில் ஒளித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவுக்குப் புது மெஷின் வந்து மூன்று மாதம். அதை ஓட்டுவது அவள்தான். அதற்கு முன் எட்டு வருஷம் மூட்டைப் பக்கம் இருந்தாள். ரத்தமும் மருந்துமாக வரும் படுக்கை விரிப்புகளை உதறிப் பிரிக்கிற வேலை. வீட்டுக்குப் போய் எத்தனை தடவை கை கழுவினாலும் சாப்பாடு உள்ளே இறங்காது.

இப்போது திடீரென்று ஓர் உத்தரவு. சான்றிதழ் இல்லாதவர்கள் ஒன்றாம் தேதி முதல் மெஷினைத் தொடக் கூடாது. மூன்றாவது மாடியில் பயிற்சி, அப்புறம் தேர்வு. தேறாதவர்களுக்குப் பழையபடி மூட்டைதான்.

பயிற்சியாளரும் லேசுப்பட்ட ஆள் இல்லை. முதல் நாளே சொல்லிவிட்டார்.

"பெரியவங்க கத்துக்கறதுக்குச் சூழல் ரொம்ப முக்கியம். அமைதி வேணும், வசதி வேணும். அதான் சண்டை போட்டு இந்த ரூமை வாங்கினேன்."

வாங்கத்தான் வாங்கினார். நாள் முழுக்க நின்றே பழகியவர்கள் மெத்தை நாற்காலியில் உட்காரத் தெரியாமல் உட்கார்ந்து, ஏசி குளிரில் கையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். திரையில், கம்பெனிக்காரர்கள் கொடுத்த மெஷின் படம் பளபளவென்று தெரிந்தது.

"துணியைப் போட்டுக் கதவைச் சாத்தியாச்சு. அடுத்தது என்ன?"

"கீழ வந்தா செஞ்சே காட்டிடுவேன் சார்."

"கீழ எல்லாரும்தான் செய்வாங்க. புரிஞ்சு செய்யணும்மா. இங்க சொல்லுங்க."

பதிலுக்கு அவள் கால்தான் மறுபடி எழுந்தது. பயிற்சியாளர் ஒரு பூஜ்யம் போட்டுவிட்டு, "திங்கக்கிழமை இன்னொரு வாய்ப்பு. அதுதான் கடைசி" என்றார்.

விஷயம் ஒன்றும் பெரிதில்லை. மெஷினைப் பொருத்தியபோது குழாய் வேலைக்காரர் தண்ணீருக்குத் தரையோடு ஒரு மிதி வைத்துவிட்டுப் போனார். அதை மிதித்தால்தான் தண்ணீர் திறக்கும். கம்பெனிப் படத்தில் அது கிடையாது. அக்காவுக்கு வேலையே காலில்தான் ஆரம்பம். கால் மிதித்துவிட்டால் அப்புறம் கை தன்னால் ஓடும். இதை வாயால் வேறு சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. மூச்சு விடுகிறவர்கள் யாராவது சொல்லிக்கொண்டா விடுகிறார்கள்?

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி மேலாளர் நாலு விருந்தாளிகளோடு கீழே சலவைப் பிரிவுக்கு வந்தார்.

"நம்ம பயிற்சியாளரே ஓட்டிக் காட்டட்டும்."

பயிற்சியாளர் சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டு முன்னால் வந்தார். இரைச்சல் காதைப் பிளந்தது. நீராவி அவர் மூக்குக்கண்ணாடியை மூடியது. அவர் படத்தில் இருந்தபடியே பட்டனை அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. இன்னொன்றை அழுத்தினார். மறுபடியும் சிவப்பு. விருந்தாளிகளில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

பின்னால் நின்றிருந்த அக்காவுக்கு உள்ளுக்குள் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் அவர் மறுபடி முதல் பட்டனுக்கே போவதைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. பாவம், பிள்ளைகுட்டிக்காரர். மெதுவாக ஓர் எட்டு முன்னால் வைத்தாள். காலால் ஒரு மிதி.

"இப்போ பச்சையை அமுக்குங்க சார்" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

மெஷின் உறுமிக்கொண்டு சுற்றியது. எல்லோரும் கை தட்டினார்கள்.

அவர்கள் போனதும் பயிற்சியாளர் கைக்குட்டையை எடுத்தார்.

"என்னம்மா இடம் இது. இந்தச் சத்தத்துல, வெக்கையில, இத்தனை பேர் முறைச்சுப் பாக்கறப்ப தெரிஞ்சதுகூட மறந்துடுது. மனுஷனுக்கு எப்படிக் கை ஓடும்?"

"எனக்கும் மேல அப்படித்தான் சார் இருக்கு."

அது அவர் காதில் விழவில்லை.

"ஆமா, நீங்க என்ன பண்ணினீங்க?"

அக்கா மிதியைக் காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார். தன் காலை அதன்மேல் வைத்து, செல்போனில் ஒரு படம் பிடித்துக்கொண்டார்.

"பெரிய உதவிம்மா. மறக்க மாட்டேன்."

அன்றைக்கு அக்காவுக்கு வயிறாரச் சாப்பாடு இறங்கியது.

திங்கட்கிழமை திரையில் புதுப் படம் இருந்தது. மிதியின்மேல் ஒரு பளபளப்பான ஷூ. கீழே பெரிய எழுத்தில்: 'முதல் படி: தண்ணீர் மிதி. கண்டறிந்தவர்: பயிற்சியாளர்.'

"இது கம்பெனிக்காரங்களுக்கே தெரியாது" என்றார், பின்வரிசையில் உட்கார்ந்திருந்த மேலாளரைப் பார்த்து. "நானே களத்துல இறங்கிக் கண்டுபிடிச்சேன்."

மேலாளர் தலையாட்டினார். பயிற்சியாளர் திரையை அணைத்துவிட்டு, மார்க் தாளை எடுத்துக்கொண்டு அக்காவைத்தான் முதலில் எழுப்பினார்.

"துணியைப் போட்டுக் கதவைச் சாத்தியாச்சு. அடுத்தது?"

அவர் கேட்டு முடிப்பதற்குள் அக்காவின் வலது கால் தரையில் அழுத்தமாக ஒரு மிதி மிதித்தது. பதில் சொல்லிவிட்ட நிம்மதியில் அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். முன்னே மாதிரி இல்லையே, இப்போது அவருக்கும் அது தெரியுமே.

பயிற்சியாளர் அந்தக் காலைப் பார்த்தார். அவள் பெயருக்கு நேராக 'மூட்டைப் பிரிவு' என்று எழுதிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்:

"எத்தனை தடவை சொல்றது? முதல்ல அந்தக் காலை ஆட்டறதை நிறுத்துங்கம்மா."