மேல்மாடிப் பெருநாள் விருந்து

1992, கிங்ஸ்பரி. மேல்மாடி மலாய்க் குடும்பத்தின் நோன்புப் பெருநாள் விருந்துக்குப் புவனேந்திரனை அவர் மனைவி சிவனேஸ்வரிதான் இழுத்து வந்திருந்தாள்.

வீட்டுக்காரி ரொகையா கெண்டியைச் சரித்து அவர் கையில் தண்ணீர் ஊற்றினாள். எல்லோரும் பாயில் அமர்ந்தார்கள். விருந்தாளி முதல் கவளம் எடுக்கட்டும் என்று காத்திருந்தார்கள்.

அவர் ஒரு வாய் எடுத்துவிட்டுச் சோற்றை அளைந்துகொண்டிருந்தார்.

"ஏனப்பா நெளியிறியள்?" மனைவி கிசுகிசுத்தாள்.

"வீட்டை போவம்."

"சாப்பாட்டில இருந்து எழும்பியோ? விசரே உங்களுக்கு?"

ரொகையா இன்னொரு துண்டு வைத்தாள். "நீங்கள் மாடு சாப்பிடமாட்டீர்கள் என்று இன்று கோழி மட்டும்தான் சமைத்தோம்."

சாப்பிட்டு முடிந்ததும் அவள் கணவர் தயங்கித் தயங்கி ஒரு கடிதத்தை நீட்டினார்.

"நாங்கள் இறால் விழுது வறுக்கும் மணம் தாங்க முடியவில்லை என்று யாரோ இந்த வீட்டைத் தந்த கவுன்சிலுக்கு எழுதியிருக்கிறார்கள். வீட்டை விட்டு எழுப்பிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. பதில் எழுத உதவுவீர்களா?"

"அதுக்கென்ன, இவர் வடிவா எழுதுவார்," என்றாள் சிவனேஸ்வரி. பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். "எந்தப் பாவியப்பா இப்பிடிச் செய்தது?"

புவனேந்திரன், போன மாதம் அவளுக்குத் தெரியாமல் அந்த முறைப்பாட்டை எழுதிய பேனாவைச் சட்டைப் பையிலிருந்து மெல்ல எடுத்தார்.