தகரக் குரல்

“கிணத்துக்குள்ள தகர டப்பாவை உருட்டுற மாதிரி இருக்குடா. பேசுறது நீதானான்னே தெரியல!” அடுத்த அறையில் போனைக் காதில் வைத்துக்கொண்டு கத்தினாள் அக்கா.

“அப்பாடா!” என்று நாற்காலியில் சாய்ந்தான் தம்பி.

ஊரார் தங்கள் இன்டர்நெட் போன் கரகரக்கிறது என்று புலம்பினால் ஓடிப்போய்ச் சரிசெய்து கொடுப்பதுதான் அவன் உத்தியோகம். அந்த மகராசன் இன்று தன் போனைத் தானே பாடுபட்டுக் கெடுத்துக்கொண்டிருந்தான்.

காரணம், குரல். ஆள் வாசல் நிலையில் இடிக்கிற உயரம்; குரல் மட்டும் வளர மறந்துவிட்டது. அலுவலகத்தில் அவன் பெயரே ‘கீச்சான்’தான்.

முதலில் பார்த்த பெண் போனில், “உங்க அண்ணன்கிட்ட குடும்மா” என்றாள். அடுத்த பெண் சிரிப்பை அடக்க முடியாமல் வைத்தேவிட்டாள். இது மூன்றாவது சம்பந்தம். படத்தைப் பார்த்ததிலிருந்தே கீச்சானுக்கு இவளைப் பிடித்துப்போய்விட்டது. இதுவும் கைநழுவினால் தாங்கமாட்டான்.

இன்டர்நெட் போனில் குரலைச் சுருக்கி மடித்து அனுப்ப ‘கோடெக்’ என்று பல முறைகள் உண்டு. பேச்சு தொடங்கும் முன்பே இரண்டு போன்களும், ‘எனக்கு இதெல்லாம் தெரியும், உனக்கு?’ என்று பேரம் பேசி, இரண்டுக்கும் பொதுவான ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். கீச்சான் நல்லதையெல்லாம் அணைத்துவிட்டு, இருப்பதிலேயே மட்டமானதை மட்டும் விட்டுவைத்தான். அதில் பாடகர் பேசினாலும் கழுதை கத்தினாலும் ஒரே தகரம்தான்.

“அந்தப் பொண்ணும் இதே வேலைதானேடா பாக்குது? கண்டுபிடிச்சிட்டா?”

“அவங்க லைன்தான் சரியில்லன்னு சொல்லிச் சமாளிச்சிடுவேன்.”

“கிழிச்சே. நேத்து அவங்க அம்மா நம்ம அம்மாகிட்ட பேசினப்ப அந்த வீட்டுல காய் நறுக்குற சத்தம்கூடக் கேட்டுச்சு.”

“நீ வேற ஏன்க்கா பயமுறுத்துற!”

போன் அடித்தது. பெண்தான்.

“லைன் கொஞ்சம் மோசமா இருக்குல்ல?” என்று முந்திக்கொண்டான்.

“பரவால்லைங்க, எங்க ஏரியாவே இப்படித்தான்,” என்றாள் அவளும் அவசரமாக. அந்த ஏரியாவைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது அவனுக்கு.

அந்தப் பக்கமிருந்து வந்ததும் தகரம்தான். ஆனால் அந்தத் தகரத்துக்கு என்ன வாய்! போனில் சத்தமே வரவில்லை என்று ஒரு வாரம் சண்டை போட்ட வாடிக்கையாளர், ஹெட்செட்டை மேஜை டிராயருக்குள் பூட்டி வைத்திருந்த கதையை அவள் சொன்னபோது அவன் கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

“உங்க குரல் ரொம்ப நல்லாருக்குங்க,” என்றாள் திடீரென்று.

கீச்சானுக்குச் சுருக்கென்றது. பிறந்ததிலிருந்து யாரும் சொல்லாத வார்த்தை. சொன்ன ஒருத்தியும் தகரத்தைப் பார்த்துச் சொல்கிறாள். கல்யாணத்துக்குப் பிறகு ஆயுசு முழுக்க அடுத்த அறையில் இருந்துகொண்டு போனிலா குடும்பம் நடத்த முடியும்? வெட்கமாக இருந்தது.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இது என் குரலே இல்லைங்க. நான்தான் நல்ல கோடெக் எல்லாத்தையும் அணைச்சு வெச்சிருக்கேன். நிஜக் குரலைக் கேட்டா சிரிப்பு வரும். கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. எல்லாத்தையும் திறந்துட்டுத் திரும்பக் கூப்பிடுறேன்.”

“ஐயையோ, வேணாங்க! இப்படியே பேசலாமே!” அவள் பதறினாள்.

என்ன தங்கமான மனசு என்று உருகிப்போய் போனை வைத்தான்.

அணைத்ததையெல்லாம் திறந்தான். கதவோரம் வந்து நின்ற அக்கா தலையில் கைவைத்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டு கூப்பிட்டான்.

“ஹலோ… இதுதாங்க நான்.”

“ஹலோ,” என்றது அதே தகரம்.

திரையைப் பார்த்தான். மூலையில் அதே மட்டமான கோடெக்கின் பெயர். மறுபடி ஒவ்வொன்றாகச் சரிபார்த்தான். அவன் பக்கம் எல்லாம் திறந்துதான் இருந்தன. ஊரார் போனையெல்லாம் சரிசெய்தவனுக்குத் தன் போன் பிடிபடவில்லை.

“மன்னிச்சுக்குங்க. நான் எல்லாத்தையும் திறந்துட்டேன். அப்படியும் ஏன் இப்படியே வருதுன்னுதான் புரியல…”

மறுபடியும் அவன் திரையைத் துழாவத் தொடங்கியபோது, தகரம் மெல்ல முனகியது.

“உங்க பக்கம் எல்லாம் சரியாத்தாங்க இருக்கு. என் பக்கம்தான் அந்த ஒண்ணை மட்டும் விட்டு வெச்சிருக்கேன்… எனக்குக் கட்டைக் குரல்.”